கோட்டை பேண்டும் கோயில் பாட்டும் (தென்னக இசை வரலாறு: பகுதி 14)

1880ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ருஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கி ரோம் நகரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார். விடுதியை ஒட்டியே குதிரைப்படையின் பாளையம். மாலைதோறும் அங்கே ஊதுகிற எக்காளம் அவருடைய அறை வரை கேட்கும். அந்த ஊதலையே எடுத்து 'கேப்ரிச்சியோ இத்தாலியன்' என்ற தன் புதிய படைப்பின் வாசலில் நிறுத்தினார். உள்ளே நுழைந்தால் ரோமின் தெருப்பாட்டுகள், திருவிழா ஆட்டம், கடைசியில் சுழன்று சுழன்று ஆடும் தாரந்தெல்லா. வந்த ஊரில் காதில் விழுந்ததை வாங்கித் தன் ஊர்க்காரர்களுக்குக் கேட்கக் கொடுத்தார்.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைக்கு வடக்கே மணலியில் இதே கதை தலைகீழாக நடந்திருந்தது. அங்கேயும் படை வாத்தியம்தான். கும்பினியாரின் கோட்டை பேண்டு வாசித்த ஐரோப்பிய மெட்டுகள் ஒரு திருவாரூர் இளைஞரின் காதில் விழுந்தன. அவர் பயணி அல்லர். பயணம் வந்தவை மெட்டுகள். அந்த அயல் மெட்டுகளுக்குள் அவர் காஞ்சியையும் மதுரையையும் குடியேற்றினார். அவர்தான் முத்துஸ்வாமி தீட்சிதர். ஊரையும் இசையையும் சேர்த்துப் பேசுவதென்றால் தென்னாட்டில் அவரை விட்டுப் பேச முடியாது.

ஊரை இசையாக்கும் ஆசை ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் பெருகியது. அதற்கு விதை போட்டவர்களில் ஒருவர் கவிஞர் கேதே. 1786 முதல் 1788 வரை அவர் இத்தாலியில் சுற்றினார். அந்தப் பயண நூல் பின்னாளில் அச்சானதும், குளிர்நாட்டுக் கலைஞர்களுக்கு இத்தாலி ஒரு தீர்த்த யாத்திரையாகவே ஆகிவிட்டது. மெண்டல்சன் 1830இல் வெனிஸ் போனார். படகோட்டிப் பாட்டின் சாயலில் பியானோவுக்கு ஒரு சின்ன உருப்படி எழுதினார். இடது கை ஆறு எண்ணிக்கையில் அசைந்துகொண்டே இருக்கும், தண்ணீர் படகைத் தட்டுவது போல. வலது கை அதன் மேல் பாடும். 1833இல் லண்டனில் அரங்கேறிய அவருடைய 'இத்தாலிய சிம்பொனி' ரோமானியர்களின் குதித்தாடும் சால்டரெல்லோவில் முடிகிறது. பெர்லியோஸின் 'இத்தாலியில் ஹெரால்ட்' 1834இல் வந்தது. லிஸ்ட் தன் 'யாத்திரை ஆண்டுகள்' வரிசையில் ஒரு முழுத் தொகுதியையே இத்தாலிக்கு ஒதுக்கினார்.

இவர்கள் எல்லோரும் கையாண்ட வழி ஒன்றுதான்: அந்த ஊர் மக்கள் ஆடுகிற, துடுப்புப் போடுகிற தாளத்தைப் பிடித்துக்கொள்வது. தாளம் வந்துவிட்டால் ஊர் வந்துவிடும் என்பது கணக்கு. கணக்கு சில நேரம் பிசகவும் செய்தது. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1886இல் இத்தாலிக்குப் போய்வந்து 'இத்தாலியிலிருந்து' என்ற படைப்பை எழுதினார். நேப்பிள்ஸைக் காட்டும் கடைசிப் பகுதிக்கு நாட்டுப்பாட்டு என்று நம்பி ஒரு மெட்டை எடுத்தார். அது வெசூவியஸ் மலையில் இழுவை ரயில் விட்டதைக் கொண்டாட லுயிஜி டென்சா 1880இல் எழுதிய 'ஃபுனிகுலி ஃபுனிகுலா'. விளம்பரப் பாட்டைத் தெம்மாங்கு என்று எண்ணிக்கொண்டது மாதிரிதான்.

பெரிய வாத்தியக் குழுவில் ஊரைக் காட்டுவது எளிது. எக்காளம் இருக்கிறது, தம்பூரின் இருக்கிறது, முப்பது நாற்பது வயலின் இருக்கிறது. பியானோ, வயலின், செல்லோ மூன்று மட்டும் சேரும் பியானோ ட்ரியோவில் அது அவ்வளவு எளிதில்லை. அது கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கும் இசை. மூன்று பேர் தங்களுக்குள் பேசிக்கொள்வதை நாலு பேர் பக்கத்தில் இருந்து கேட்பது போன்றது. 1880ஆம் ஆண்டை ஒட்டியே இதற்கு இரண்டு உதாரணங்கள் கிடைக்கின்றன. இரண்டும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை.

சைகோவ்ஸ்கியைப் பணம் கொடுத்து ஆதரித்தவர் நதேழ்தா வான் மெக் என்ற செல்வச் சீமாட்டி. இருவரும் கடிதத்தில் மட்டுமே பேசிக்கொண்டவர்கள். அந்த அம்மையார் 1880இல் பரிவாரத்தோடு ஃபிளாரன்ஸில் தங்கியபோது பியானோ வாசிக்க ஒரு பாரிஸ் மாணவனை அமர்த்தியிருந்தார். அந்த 18 வயதுப் பையன் பெயர் டெபுஸ்ஸி. வீட்டிலேயே ஒரு வயலின்காரரும் ஒரு செல்லோக்காரரும் இருந்தார்கள். மூவரும் வாசிக்க டெபுஸ்ஸி அங்கேயே ஒரு ட்ரியோ எழுதினான். அதன் முழு வடிவம் 1980களில்தான் அச்சாயிற்று. சைகோவ்ஸ்கியிடமும் அம்மையார் ஒரு ட்ரியோ கேட்டார். பியானோவும் தந்தி வாத்தியமும் சேர்ந்து ஒலிப்பதே தன் காதுக்கு ஒவ்வாது என்று அவர் கையை விரித்துவிட்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அவருடைய நண்பரும் பியானோ மேதையுமான நிக்கொலாய் ரூபின்ஸ்டைன் இறந்தார். 1881 டிசம்பரில், மறுபடியும் ரோமில், ஒவ்வாது என்று சொன்ன அதே மூன்று வாத்தியங்களுக்கு நண்பர் நினைவாக எழுதத் தொடங்கி, 1882 பிப்ரவரியில் முடித்தார். ரோமில் பிறந்த அந்த ட்ரியோவில் ரோம் எங்கேயும் இல்லை. இருப்பது இழவு. எழுதின ஊர் வேறு, இசைக்குள் இருக்கிற ஊர் வேறு என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று கிடைப்பது அரிது.

தீட்சிதர் விஷயத்தில் இந்த இரண்டு ஊர்களும் பெரும்பாலும் ஒன்று. நின்று பார்த்த தலத்தையே பாடினார். விதிவிலக்கு மணலி மெட்டுகள்.

அவர் பிறந்தது திருவாரூரில். பொதுவாக 1775 என்று சொல்கிறார்கள். மன்மத ஆண்டு, பங்குனி மாதம், கிருத்திகை என்ற குடும்பக் குறிப்பை அப்படியே கணக்கிட்டால் 1776 வரும். தந்தை ராமஸ்வாமி தீட்சிதர் சாதாரண ஆள் இல்லை. ஹம்சத்வனி ராகத்தை உண்டாக்கியவர் அவர். 108 ராகதாள மாலிகை அமைத்தவர். வெகுநாள் பிள்ளையில்லாமல் வைத்தீஸ்வரன் கோயிலில் வேண்டிக்கொண்டு பிறந்ததால், அங்குள்ள முத்துக்குமாரசுவாமியின் பெயரை மூத்த மகனுக்கு வைத்தார். பெயரிலேயே ஒரு தலம் ஏறிக்கொண்டது. பிறகு சின்னஸ்வாமி, பாலுஸ்வாமி என்று இரண்டு தம்பிகள், பாலாம்பாள் என்று ஒரு தங்கை.

குடும்பம் மணலிக்குக் குடிபெயர்ந்தது முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில். முதலியார் கும்பினியாருக்குத் துபாஷ், அதாவது வெள்ளைக்காரருக்கும் ஊர்க்காரருக்கும் நடுவே பேச்சும் வணிகமும் நடத்திவைப்பவர். அவருக்குப் பின் அவர் மகன் சின்னையா முதலியார் இந்தக் குடும்பத்தைப் போற்றினார். துபாஷ் வீட்டு மனிதர்களுக்குக் கோட்டையில் போக்குவரத்து உண்டு. அப்படித்தான் தீட்சிதர் சகோதரர்களுக்குக் கோட்டை பேண்டு அறிமுகமாயிற்று. கடைசித் தம்பி பாலுஸ்வாமி ஓர் ஐரோப்பியரிடம் மூன்று ஆண்டு வயலின் கற்றார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை நினைத்துப் பார்ப்பதே கடினம். அந்த வாத்தியம் நம் சங்கீதத்துக்குள் நுழைந்த வாசல்களில் மணலி வீடும் ஒன்று. தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு இன்னொரு வாசல். அவரும் அவர் அண்ணன்மார்களும் முத்துஸ்வாமி தீட்சிதரிடமே பாடம் கேட்டவர்கள்.

தம்பி வில்லைப் பிடித்தார், அண்ணன் மெட்டைப் பிடித்தார். ஆங்கில, ஐரிஷ், ஸ்காட்டிஷ் நடனப் பாட்டுகளும் அணிவகுப்பு இசையும் பேண்டு வழியாக வந்து சேர, அவற்றுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார் தீட்சிதர். ஏறக்குறைய 40 உருப்படிகள் இன்று கிடைக்கின்றன. இவற்றுக்கு நோட்டுஸ்வரம் என்று பெயர். இங்கிலீஷ் 'நோட்டு' தமிழ்நாட்டில் அப்போதே ஊறிவிட்டது என்பதற்கு இந்தப் பெயரே சாட்சி. எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில் அமைந்தவை. ஐரோப்பியர்களின் 'மேஜர்' அடுக்கும் நம் சங்கராபரணமும் ஸ்வர அளவில் ஒன்று என்பதால் இது இயல்பாகவே நடந்தது. ஆனால் நோட்டுஸ்வரத்தில் கமகம் கிடையாது. ஸ்வரங்கள் அசையாமல், படிக்கட்டில் கால் வைப்பது போல ஒவ்வொன்றாக நிற்கும். சங்கராபரணத்தின் உயிரே கமகத்தில் இருப்பதால், ராகம் என்ற முறையில் பார்த்தால் இவை சங்கராபரணத்தின் எலும்புக்கூடு மட்டுமே. குழந்தைகளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்க அதுவே வசதியாகவும் போயிற்று.

ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். 'சந்ததம் பாஹிமாம்' என்ற நோட்டுஸ்வரத்தின் மெட்டு 'காட் சேவ் த கிங்'. ஆங்கில அரசரைக் கடவுள் காக்க வேண்டும் என்று கோட்டையில் படை விறைப்பாக நின்று பாடுகிற மெட்டு. தீட்சிதர் அதில் சங்கீதத்துக்கு அதிதேவதையான சியாமளையைக் கூப்பிட்டுத் தன்னை எப்போதும் காக்கச் சொல்கிறார். காப்பாற்றச் சொல்லும் பொருளை விட்டுவிடவில்லை, காக்கப்பட வேண்டிய ஆளையும் காக்கிற தெய்வத்தையும் மாற்றிவிட்டார். மெட்டின் மூன்றெண்ணிக்கை நடை குலையாமல் குறிலும் நெடிலும் அதனதன் இடத்தில் விழுகின்றன. இதில் கேலி இருந்ததா, எதிர்ப்பு இருந்ததா என்று சிலர் தேடுகிறார்கள். அப்படி எதையும் ஏற்றிப் பார்க்க வேண்டியதில்லை. நல்ல மெட்டு கிடைத்தது, பாட ஒரு தெய்வம் இருந்தது, அவ்வளவுதான்.

மதுரை மீனாட்சியைப் பாடும் 'வந்தே மீனாக்ஷி' வருவது 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்ற ஐரிஷ் ஆட்ட மெட்டில். மாலோ என்பது அயர்லாந்தில் ஒரு ஊர். அங்கே குடித்துக் கூத்தடித்த வாலிபர்களைப் பற்றிய பாட்டு அது. 'சியாமளே மீனாக்ஷி'யின் மெட்டோ இன்று எல்.கே.ஜி. பிள்ளைகள் 'ட்விங்கிள் ட்விங்கிள்' என்று பாடுவது. அது பழைய பிரெஞ்சு மெட்டு, மொசார்ட்டும் அதை வைத்துப் பியானோவுக்கு விதவிதமாக வாசித்துக் காட்டியிருக்கிறார். காஞ்சி ஏகாம்பரநாதருக்கும் இப்படி ஒரு நோட்டுஸ்வரம் உண்டு. ஸ்ட்ராஸ் ஒரு ரயில் பாட்டை நேப்பிள்ஸின் ஆத்மா என்று எடுத்துக்கொண்டாரே, அந்த மாதிரி ஏமாற்றத்துக்கு இங்கே இடமே இல்லை. தீட்சிதருக்கு அந்த மெட்டு எந்த ஊரையும் குறிக்கவில்லை. மாலோ அவருக்கு வேண்டியதில்லை, மதுரை வேண்டியிருந்தது.

இவை எல்லாம் மணலி வாலிப காலத்தில் எழுதியவை என்று சொல்வது வழக்கம். அதை அப்படியே ஏற்க ஒரு தடை இருக்கிறது. சில நோட்டுஸ்வரங்களில் 'குருகுஹ' என்ற முத்திரை வருகிறது. அந்த முத்திரை அவருக்கு வந்தது திருத்தணி தரிசனத்தோடு என்றுதான் குடும்ப வரலாறு சொல்கிறது. ஆக, மெட்டுகளைக் கேட்டது இளமையில் என்றாலும், சாகித்தியம் அமைத்தது பல்வேறு காலங்களில் இருக்கலாம்.

மணலிக்கு வந்த சிதம்பரநாத யோகி என்ற துறவி முத்துஸ்வாமியைக் காசிக்கு அழைத்துப் போனார். அங்கே சில ஆண்டுகள். வேதாந்தமும் ஸ்ரீவித்தையும் கற்றது ஒரு பக்கம், இந்துஸ்தானி சங்கீதத்தைக் காதாரக் கேட்டது இன்னொரு பக்கம். யமுனா கல்யாணி, ஹமீர் கல்யாணி, த்விஜாவந்தி, பிருந்தாவன சாரங்கா என்று அவர் கிருதிகளில் வரும் ராகங்களில் அந்த ஆண்டுகளின் வாசனை இருக்கிறது. நிதானமாக, இழுத்து இழுத்து விரியும் அவருடைய சௌக்க நடையை வடநாட்டு துருபத்தோடு ஒப்பிடுவோர் உண்டு. அவர் வீணைக்காரர் என்பதும் அந்த நிதானத்துக்கு ஒரு காரணம். தந்தியை இழுத்து ஸ்வரத்தை வளைக்க நேரம் வேண்டும். காசியில் கங்கையில் இறங்கியபோது ஒரு வீணை கைக்கு வந்தது என்ற கதையும் உடன் வழங்குகிறது.

திரும்பி வந்து திருத்தணி போனார். முருகன் கிழவர் வடிவில் வந்து வாயில் கற்கண்டு போட்டார், உடனே பாட்டு பிறந்தது என்பது மரபு. அந்த முதல் கிருதி மாயாமாளவகௌளையில் அமைந்தது. அந்த ராகம் எது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை. சங்கீதம் கற்கும் பிள்ளை முதன்முதலில் சரளி வரிசை பாடுவதும் மாயாமாளவகௌளையில்தான். தொடர்ந்து வேற்றுமை உருபுக்கு ஒன்றாக எட்டுக் கிருதிகள். முதல் வேற்றுமையில் குகன் எழுவாய், இரண்டாவதில் செயப்படுபொருள், எட்டாவதில் விளி. இலக்கணப் பாடத்தையே பாட்டுக் கோவையாக்கும் இந்தப் பழக்கம் கடைசி வரை அவரை விடவில்லை.

அதற்குப் பின் அவர் வாழ்க்கையை எழுதுவதென்றால் ஊர்ப்பெயர்களாகத்தான் எழுத வேண்டும். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, சிதம்பரம், மாயவரம், திருவாரூர், திருவரங்கம், மதுரை, கடைசியில் எட்டயபுரம். போன இடமெல்லாம் கிருதி. தலத்துக்குத் தலம் பாடுவது தேவார மூவரும் ஆழ்வார்களும் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே வகுத்த வழி. ஆனால் ஒரு தலத்துக்கு இன்ன ராகம் என்று அமைத்து, அந்த ராகத்தின் பெயரையே தலத்தின் விவரத்துக்குள் மறைத்து வைக்கும் வேலை தீட்சிதருடையது.

ஐம்பூதத் தலங்களுக்கு அவர் பாடிய ஐந்தும் இதற்கு நல்ல பாடம். மண்ணுக்குக் காஞ்சி, பைரவி. நீருக்குத் திருவானைக்காவல், யமுனா கல்யாணி. தீக்குத் திருவண்ணாமலை, சாரங்கா. காற்றுக்குக் காளஹஸ்தி, ஹுசேனி. வெளிக்குச் சிதம்பரம், கேதாரம்.

திருவானைக்காவல் கருவறையில் லிங்கத்தைச் சுற்றி எப்போதும் நீர் கசிந்துகொண்டே இருக்கும். ஈரத்தில் நிற்கும் சாமி. அந்த ஊர்க் கிருதியின் அனுபல்லவியில் கடல், கங்கை, காவிரி, யமுனை என்று நீர்ப்பெயர்கள் வரிசையாக வருகின்றன. திருவானைக்காவலுக்குக் காவிரி சரி, யமுனை ஏன்? யமுனா கல்யாணி ராகத்துக்கு ஒரு சாடை காட்டத்தான். அந்த யமுனை ஓடும் வடநாட்டில் அவர் காசி நாட்களில் வாழ்ந்தவர் என்பதையும் சேர்த்துக்கொண்டால், வடக்கிலிருந்து வந்த ராகம், வடக்கிலிருந்து வந்த ஆற்றின் பெயரை முன்னிறுத்திக்கொண்டு காவிரிக்கரையில் நுழைவது தெரியும். மெண்டல்சன் தண்ணீரைக் காட்ட இடது கையை அசைத்தார். தீட்சிதர் தண்ணீரின் பெயரைச் சொன்னார். நீண்டு குழையும் யமுனா கல்யாணியில் அலையின் அசைவும் கேட்கிறது என்று ரசிகர்கள் சொன்னால் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது கேட்பவர் பங்கு.

திருவண்ணாமலைப் பாட்டில் இன்னும் நுட்பம். 'சாரங்கம்' என்றால் மான். சிவன் ஒரு கையில் மானைப் பிடித்திருப்பார். சரணத்தில் இறைவன் கையில் ஏந்திய மானைச் சொல்லும்போதே ராகத்தின் பெயரும் வந்துவிடுகிறது. தீத்தலத்தைப் பாட ஒருவர் சுடுகிற, படபடக்கிற ராகத்தைத் தேடியிருக்கலாம். ஐரோப்பிய முறைப்படி அதுதான் எதிர்பார்ப்பு. தீட்சிதர் எடுத்துக்கொண்டதோ சாந்தமான சாரங்கா. ஊரைப் படம் பிடிக்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அவர் செய்தது பதிவு. சாமி பெயர், அம்மன் பெயர், லிங்கம் எந்தப் பூதம், கையில் என்ன, காலடியில் யார், எந்த மரம், எந்தக் குளம். ஒரு கிருதியைப் பிரித்து எழுதினால் தலபுராணத்தின் சுருக்கம் கையில் கிடைக்கும்.

இந்தப் பதிவுப் புத்தி முழு வீச்சில் வேலை செய்தது சொந்த ஊரான திருவாரூரில். ஒரே கோயில் வளாகத்தில் கமலாம்பாளுக்கு நவாவரணம் என்று ஒன்பது கிருதிகள், முன்னும் பின்னும் தியானமும் மங்களமும் சேர்த்துப் பதினொன்று. நீலோத்பலாம்பாளுக்கு ஒரு கொத்து, அத்தனையும் 'கௌள' என்று முடிகிற ராகங்களில்: நாராயணகௌள, ரீதிகௌள, கன்னடகௌள, கேதாரகௌள என்று போகும். கோயிலுக்குள் உள்ள ஐந்து லிங்கங்களுக்கு ஐந்து. பிள்ளையார்களுக்கு ஒரு வரிசை. தெய்வத்துக்கு ஒன்று பாடிவிட்டு நகரும் பயணி பாட்டு இல்லை இது. தினமும் பிராகாரத்தைச் சுற்றுகிறவர், சந்நிதி சந்நிதியாக நின்று கணக்கெடுத்த பாட்டு. 'வாதாபி கணபதிம்' இந்தக் கூட்டத்தில் ஒன்று. அப்பா உண்டாக்கிய ஹம்சத்வனியை மகன் உலகறியச் செய்தது அதில்தான். அதில் வரும் வாதாபி கன்னட நாட்டில் இருக்கிறது. பல்லவப் படைத்தலைவர் பரஞ்சோதி சாளுக்கியரின் வாதாபியை அழித்துத் திரும்பியபோது கொண்டுவந்த பிள்ளையார் என்பது வழக்கு. கச்சேரிக்குக் கச்சேரி முதல் பாட்டாகத் தமிழ்நாட்டில் ஒலிக்கிற ஊர்ப்பெயர், ஏழாம் நூற்றாண்டில் எரிந்த ஒரு சாளுக்கியத் தலைநகரின் பெயர்.

நவக்கிரகக் கிருதிகள் பிறந்த கதை ஒரு வயிற்றுவலியிலிருந்து தொடங்குகிறது. சீடர் தம்பியப்பன் சுத்தமத்தளம் வாசிப்பவர். அவருக்கு வயிற்றுவலி. ஜாதகத்தில் குரு சரியில்லை என்று கண்டு, அடாணாவில் வியாழனைப் பாடிக்கொடுத்தாராம் ஆசிரியர். ஞாயிறு முதல் சனி வரை ஏழு கிருதிகளும் ஏழு சூளாதி தாளங்களில் இருப்பது கதை இல்லை, கண்ணுக்குத் தெரியும் அமைப்பு. சீடர்களில் மத்தளக்காரர், நாகஸ்வரக்காரர், நட்டுவனார், தேவரடியார் எல்லோரும் இருந்தார்கள். தீட்சிதரின் பாடாந்தரம் பிழைத்தது இவர்களால்தான். திருவாரூர் வீதியில் சாமி புறப்பாட்டில் நாகஸ்வரம் வாசித்தவர்களும், சதிரில் ஆடியவர்களும், வீணை மீட்டியவர்களும் ஆளுக்கொரு பகுதியைக் காத்தார்கள்.

பாலுஸ்வாமி எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தார். தம்பியைப் பார்க்க அண்ணன் அந்தக் கரிசல் சீமைக்குப் போனார். வறண்ட நிலத்தில் அமிர்தவர்ஷிணி ராகம் பாடி மழை பெய்வித்தார் என்பது அங்கே இன்றும் சொல்லும் கதை. 1835ஆம் ஆண்டு தீபாவளியன்று, மதுரை மீனாட்சியைப் பாடிய தம் கிருதியைச் சீடர்களைப் பாடச் சொல்லிக் கேட்டபடியே கண்மூடினார் என்பார்கள். சமாதி எட்டயபுரத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் பெர்லியோஸின் ஹெரால்ட் அரங்கேறி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது.

பாட்டுகள் அச்சுக்கு வர இன்னும் 70 ஆண்டு பிடித்தது. அதைச் செய்தவர் பாலுஸ்வாமியின் மகள் வயிற்றுப் பேரனும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதர். தூண்டியவர் சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர். கர்நாடக இசையை ஐரோப்பிய ஐந்து கோட்டு முறையில் எழுதி உலகுக்குக் காட்ட வேண்டும் என்ற வெறியில் கைப்பணத்தையும் கண்பார்வையையும் செலவிட்டவர் அவர். எட்டயபுரம் மன்னர் செலவில் 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. முத்துஸ்வாமி தீட்சிதரின் 229 கிருதிகள் அதில் உள்ளன, ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனிக் குறியோடு. மணலியில் கமகம் இல்லாத மெட்டுகளைக் கேட்ட குடும்பம்தான் கமகத்தைக் காகிதத்தில் எழுத வழி கண்டது. நோட்டுஸ்வரங்கள் அந்த நூலில் அல்ல, 1905இல் வந்த சுப்பராம தீட்சிதரின் 'பிரதமாப்யாச புஸ்தகமு' என்ற பாடநூலில் இடம்பெற்றன.

தீட்சிதர் பாடிய தலங்கள் பெரும்பாலும் காவிரிப் படுகையிலும் தொண்டை மண்டலத்திலும் இருப்பவை. பழைய தகடூர் நாடான தருமபுரிப் பக்கம் அந்தப் பட்டியல் திரும்பவில்லை. காரிமங்கலத்தில் குன்றின் மேல் ஒரு சிவன் கோயில் இருக்கிறது. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையில் போகிறவர் அந்தக் குன்றைத் தாண்டித்தான் போக வேண்டும். சாமி அருணேஸ்வரர், அம்மன் அபிதகுஜாம்பாள். திருவண்ணாமலைக் கிருதியின் பல்லவியில் தீட்சிதர் நினைத்துக்கொள்ளும் அருணாசலரும் அபீதகுசாம்பாளும் பெயரளவில் இவர்களே. சாரங்கா கிருதியை இந்தக் குன்றின் படியில் உட்கார்ந்து ஒருவர் பாடினால் பல்லவி அப்படியே பொருந்தும். சரணத்தில் சோதி லிங்கத்தைச் சொல்லும் இடம் வரும்போது பாட்டு அண்ணாமலைக்குத் திரும்பிவிடும். தலத்தை இவ்வளவு குறிப்பாகப் பாடினால் வேறு தலத்துக்கு இரவல் கொடுக்க முடியாது. மெட்டை மட்டும் இரவல் வாங்கலாம், கொடுக்கலாம். அது நோட்டுஸ்வரத்தில் நடந்தது.

பியானோ ட்ரியோ போல இந்தச் சீமைக்கும் மூன்று வாத்தியச் சேர்க்கை ஒன்று உண்டு: பம்பை, உடுக்கை, கைச்சிலம்பு. இரண்டு முழவுகளை ஒன்றாகப் பிணைத்து இடுப்பில் கட்டிக்கொண்டால் பம்பை. ஒன்றின் ஓசை கனத்து இறங்கும், மற்றது படபடவென்று மேலே எழும். நடுவே உடுக்கை விம்மும், சிலம்பு சலசலவென்று இடைவெளியை நிரப்பும். அம்மன் கோயில் விழாவில் பூங்கரகம் ஜோடிக்கும்போது இந்த மூன்றும் சூழ நின்று ஒலிக்க, பம்பைக்காரர் அம்மனை வர்ணித்து அழைக்கிறார். அழைப்பது ஊர் சொல்லித்தான். மேல்மலையனூரில் இருப்பவளே, சமயபுரத்தில் இருப்பவளே என்று தலம் தலமாகக் கூப்பிட்டு, கடைசியில் இந்த ஊர் எல்லைக்கு இறங்கி வரச் சொல்வது வழக்கம். ஊர்ப்பெயர் ஒவ்வொன்று விழும்போதும் பம்பையில் அடி ஒரு சுற்று ஏறும். கரகம் தலையில் ஏறுகிற வரை பட்டியல் நிற்பதில்லை.